தங்கவயலிலிருந்து விமானம் பிடிக்க: ‘சின்ன ஏர்போர்ட்’ எப்போது லாபம், எப்போது நஷ்டம்?

பெங்களூருவுக்கு ஏன் ஒரே ஒரு விமான நிலையம், ஓசூர் வந்தால் கோலார் தங்கவயலுக்கு என்ன கிடைக்கும், டெல்லியிலும் மும்பையிலும் இரண்டாவது விமான நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஒரு விளக்கம்.

பெங்களூருவிலிருந்து டெல்லிக்குப் பறக்க சுமார் மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் ராபர்ட்சன்பேட்டையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, தேவனஹள்ளியில் விமானம் ஏறி பெல்ட் போடுவதற்குள் அதைவிட அதிக நேரம் போய்விடும். நீங்கள் தங்கவயல்காரர் என்றால் இது புதுச் செய்தி அல்ல.

2001 பிப்ரவரி 28-ம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, இந்த ஊரின் வேலை பெங்களூருவுக்கு இடம் மாறியது. மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் காலை வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் தினமும் போய் வருகிறார்கள். ஐ.டி. வேலை, ஆன்சைட், நேர்காணல் என்று விமானம் ஏறுவதும் இப்போது சாதாரணம். ஆக, ஏர்போர்ட் எங்கே இருக்கிறது என்பது உங்கள் தூக்கம், லீவு, பர்ஸ் மூன்றையும் தொடும் விஷயம்.

தூரமா பிரச்னை? இல்லை, வழி

வரைபடத்தை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். தங்கவயலிலிருந்து தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 67 கி.மீ. பெங்களூருவின் பழைய ஏர்போர்ட்டான எச்ஏஎல்-லுக்கு சுமார் 65 கி.மீ. தூரத்தில் பெரிய வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் வழியில்தான் இருக்கிறது. தங்கவயலும் எச்ஏஎல் ஓடுதளமும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், கிழக்கு மேற்காக இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் நம்ம ரயில் பாதை ஓடுகிறது. கே.ஆர்.புரத்திலோ பையப்பனஹள்ளியிலோ இறங்கினால் எச்ஏஎல் பக்கம்தான். தேவனஹள்ளியோ வடக்கே தள்ளி இருக்கிறது. ரயிலில் பெங்களூரு வந்து, அங்கிருந்து மறுபடி வடக்கே ஏற வேண்டும்.

2008 மே 24 அன்று தேவனஹள்ளி திறக்கப்பட்டதும், எச்ஏஎல்-லிலிருந்து வழக்கமான பயணிகள் விமானங்கள் நின்றுவிட்டன. ஓடுதளம் இன்னும் இயங்குகிறது. ஆனால் ராணுவப் பயன்பாடு, சோதனைப் பறப்பு, தனி விமானங்கள், விஐபி பயணம் என்ற அளவில் மட்டும். நீங்களும் நானும் அங்கே டிக்கெட் போட முடியாது.

பெங்களூருவுக்கு ஏன் இன்னொரு ஏர்போர்ட் இல்லை?

காரணம் ஓர் ஒப்பந்தம். தேவனஹள்ளி விமான நிலையத்தைக் கட்டி நடத்த 2004-ல் மத்திய அரசு ஒப்பந்தம் போட்டபோது, ஒரு பாதுகாப்பு விதியும் சேர்க்கப்பட்டது. புதிய விமான நிலையம் திறந்ததிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, வான்வழியாக 150 கி.மீ. சுற்றளவுக்குள் போட்டியாக இன்னொரு விமான நிலையத்தை வளர்க்கக் கூடாது. மைசூருவுக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. 2008-லிருந்து எண்ணினால் 2033 மே மாதம் வரை இந்த விதி இருக்கும்.

தனியார் ஒருவர் ஆயிரக்கணக்கான கோடி போட்டு ஊருக்கு வெளியே ஏர்போர்ட் கட்டும்போது, நகரத்துக்குள் பழைய ஏர்போர்ட்டும் ஓடினால் கூட்டம் அங்கேயே நின்றுவிடும், போட்ட காசு திரும்பாது என்பது இதன் பின்னால் உள்ள வாதம். ஹைதராபாத்தில் பேகம்பேட்டை மூடப்பட்டதும் அதே 2008-ல்தான்.

ஆனால் நிலைமை மாறிவிட்டது. 2024-25 நிதியாண்டில் மட்டும் பெங்களூரு விமான நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 4.19 கோடி பேர். இப்போது கவலை வேறு மாதிரி: கூட்டம் வருமா என்பதல்ல, வரும் கூட்டத்தை எங்கே வைப்பது என்பதுதான்.

ஓசூரா, கனகபுராவா? தங்கவயலுக்கு எது கிட்ட?

2024 ஜூன் 27 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். பேரிகை, பாகலூர் பகுதி இதற்காகப் பேசப்படுகிறது. கர்நாடக அரசோ கனகபுரா சாலையில் இரண்டு இடங்களையும், நெலமங்களா - குணிகல் சாலையில் ஓர் இடத்தையும் முன்வைத்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமான நிலைய ஆணையத்தின் குழு வந்து மூன்றையும் பார்த்தது.

இங்கேதான் தங்கவயல்காரர்கள் கவனிக்க வேண்டும். பேரிகை பக்கம் ஏர்போர்ட் வந்தால் நேர்க்கோட்டில் சுமார் 40 கி.மீ.தான், தேவனஹள்ளியைவிடக் கிட்ட. கனகபுரா சாலை என்றால் 80 கி.மீ.க்கு மேல். குணிகல் சாலை என்றால் 100 கி.மீ.யைத் தொடும். அதுவும் பெங்களூருவைத் தாண்டி மறுபக்கம். ‘பெங்களூருவுக்கு இரண்டாவது ஏர்போர்ட்’ என்ற செய்தியைப் பார்த்ததும் நமக்கும் லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் மாநிலம் கட்டுவது உங்களுக்குத் தூரம், பக்கத்து மாநிலம் கட்ட நினைப்பது உங்களுக்குக் கிட்ட.

ஓசூர் உடனே வந்துவிடுமா என்றால், அதுவும் 150 கி.மீ. வட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில் பெலகொண்டபள்ளியில் ஒரு தனியார் ஓடுதளம் ஏற்கெனவே உண்டு. சிறு நகரங்களுக்கான ‘உடான்’ திட்டத்தில் ஓசூரின் பெயர் வந்தபோதும் இதே விதிதான் குறுக்கே நின்றது. 2033-க்கு முன் திறக்க வேண்டுமானால் பெங்களூரு விமான நிலைய நிறுவனத்தின் சம்மதம் தேவை. இதை நம்பி இப்போதே மனை வாங்குவதும், வாடகை வீட்டை மாற்றுவதும் அவசரம்.

சரி, அதுவரை என்ன பண்ணலாம்?

தங்கவயலிலிருந்து இப்போதைக்கு நான்கு வழிகள்.

*சொந்தக் கார் அல்லது டாக்ஸி:* பெங்களூரு - சென்னை விரைவுச்சாலையில் ஹோஸ்கோட்டையிலிருந்து பேத்தமங்களா பக்கம் வரையிலான 71 கி.மீ. கர்நாடகப் பகுதி 2024 டிசம்பரிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. பேத்தமங்களாவில் ஏறி, ஹோஸ்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து தேவனஹள்ளி சாலையைப் பிடித்தால் பெங்களூரு நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். இந்தச் சாலையில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை.

*ரயில் + பஸ்:* வண்டியில் ஒயிட்ஃபீல்டு அல்லது கே.ஆர்.புரம் வரை வந்து, அங்கிருந்து பிஎம்டிசி-யின் ‘வாயு வஜ்ரா’ ஏர்போர்ட் பஸ். செலவு குறைவு. ஆனால் வண்டி அரை மணி தாமதமானாலும் தாங்கும் அளவுக்கு முன்னதாகக் கிளம்ப வேண்டும். கே.ஆர்.புரத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ பாதை கட்டுமானத்தில் இருக்கிறது. அது வந்தால் தங்கவயலுக்கு மிகப் பெரிய லாபம், ஓசூரைவிடவும்கூட.

*கோலார் வழி ரயில்:* பங்காரப்பேட்டையிலிருந்து கோலார், சிந்தாமணி, சிக்கபல்லாபூர் வழியாக யலஹங்கா போகும் பாதையில் தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கென்றே ஒரு சிறு ரயில் நிறுத்தம் உண்டு. வண்டிகள் குறைவு, வேகமும் குறைவு. அங்கிருந்து முனையத்துக்கு இன்னொரு வாகனம் வேண்டும். நேரம் ஒத்துவந்தால் மட்டும் பாருங்கள்.

*சென்னை:* நேர்க்கோட்டில் 200 கி.மீ.க்கு மேல். சிரிப்பு வரலாம். ஆனால் பங்காரப்பேட்டையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோ நேராக ஏர்போர்ட்டுக்குள். சாலை நெரிசலைத் தொடாமலே போய்விடலாம். வெளிநாட்டு டிக்கெட்டில் சில ஆயிரம் வித்தியாசம் இருந்தால் இது யோசிக்கத் தகுந்த வழி.

இறங்கும் ஊரில் இரண்டு ஏர்போர்ட் இருந்தால்?

புறப்படும் இடத்தில் நமக்குத் தேர்வு இல்லை. போய் இறங்கும் இடத்தில் இருக்கிறது. டிக்கெட் தளத்தில் ‘டெல்லி’, ‘மும்பை’, ‘கோவா’ என்று தேடினால் இரண்டு விமான நிலையங்களின் விமானங்களும் கலந்தே வரும். குறைந்த விலையைப் பார்த்ததும் விரல் அங்கே போய்விடும். ஊர்ப் பெயரை விட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்.

*டெல்லி:* பெரிய விமான நிலையம் டி-இ-எல். இன்னொன்று எச்-டி-எக்ஸ் அல்ல, எச்-டி-ஓ: காஸியாபாத்தில் உள்ள ஹிண்டன். இந்திய விமானப் படைத் தளத்தை ஒட்டிய சின்ன முனையம். 2019-ல் தொடங்கியபோது உடான் விமானங்கள் மட்டுமே. 2025 மார்ச்சில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும், ஜூலை 20-ல் பெங்களூரு, சென்னை உட்பட 8 நகரங்களுக்கு இண்டிகோவும் சேவை தொடங்கின. உங்கள் வேலை காஸியாபாத், கிழக்கு டெல்லி, நொய்டா பக்கம் என்றால் ஹிண்டன் நல்ல தேர்வு. குருகிராம் என்றால் வேண்டவே வேண்டாம், நகரம் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும்.

*மும்பை:* பழையது பி-ஓ-எம், புதியது என்-எம்-ஐ. நவி மும்பை விமான நிலையத்தில் 2025 டிசம்பர் 25 அன்று சேவை தொடங்கியபோது முதலில் வந்து இறங்கியது பெங்களூரு விமானம்தான். பன்வேல், வாஷி, நவி மும்பை ஐ.டி. பூங்காக்களுக்கு இது வசதி. அந்தேரி, பாந்த்ரா என்றால் பழையதே சரி.

*கோவா:* தபோலிம் ஜி-ஓ-ஐ, மோபா ஜி-ஓ-எக்ஸ். 2023 ஜனவரியில் சேவை தொடங்கிய மோபா வடக்கு எல்லையில் இருக்கிறது. தெற்கு கோவாவில் ரூம் போட்டுவிட்டு மோபாவில் இறங்கினால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது டாக்ஸிக்குப் போய்விடும்.

சின்ன ஏர்போர்ட்: லாபம் என்ன, ரிஸ்க் என்ன?

லாபம் நேரத்தில். முனையம் சின்னது, நடை குறைவு, பாதுகாப்புச் சோதனை வரிசை குட்டை, பெட்டியும் சீக்கிரம் வந்துவிடும்.

ரிஸ்க் மூன்று. ஒன்று, விமானங்கள் குறைவு. பெரிய ஏர்போர்ட்டில் ஒரு விமானம் ரத்தானால் சில மணி நேரத்தில் அடுத்தது. சின்ன இடத்தில் அடுத்தது நாளைக்காக இருக்கலாம். இரண்டு, இரவில் பஸ், மெட்ரோ கிடைக்காமல் போகலாம். மூன்று, ராணுவத் தளத்தில் உள்ள முனையம் என்றால் முடிவு உங்கள் விமான நிறுவனத்தின் கையில் இல்லை. 2025 மே மாதம் இந்தியா - பாகிஸ்தான் மோதலின்போது மூடப்பட்ட 32 விமான நிலையங்களின் பட்டியலில் ஹிண்டன் இருந்தது. டெல்லியின் பெரிய விமான நிலையம் திறந்தே இருந்தது.

டிக்கெட் போடும் முன் ஆறு கேள்விகள்

1. குறியீடு என்ன? போகும்போது, வரும்போது இரண்டையும் பாருங்கள். ஹிண்டனில் இறங்கி, திரும்பும்போது பெரிய விமான நிலையத்திலிருந்து கிளம்பும்படி டிக்கெட் அமையலாம்.

2. வீட்டு வாசலிலிருந்து போகும் இடத்து வாசல் வரை மொத்தச் செலவு என்ன? உதாரணமாக, டிக்கெட்டில் 900 ரூபாய் குறைந்து, டாக்ஸியில் 700 ரூபாய் கூடினால், உண்மையான மிச்சம் 200 ரூபாய். அதற்காக ஒரு மணி நேரம் அதிகம் செலவழிப்பீர்களா?

3. அந்தத் தடத்தில் அன்றைக்கு இன்னொரு விமானம் உண்டா? நேர்காணல், விசா சந்திப்பு, கல்யாணம் என்று தவறவிடக் கூடாத பயணம் என்றால், நாளுக்கு ஒரே விமானம் உள்ள தடம் வேண்டாம்.

4. அங்கிருந்து அடுத்த விமானம் மாற வேண்டுமா? இரண்டும் ஒரே டிக்கெட்டாக இல்லாவிட்டால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பு உங்களுடையது. ஒரே நகரத்தின் இரண்டு ஏர்போர்ட்டுகளுக்கு இடையே மாறுவதைக் கூடிய மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

5. இறங்கும் நேரத்தில் பஸ், மெட்ரோ உண்டா? கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

6. ராணுவத் தளமா? அப்படியானால் ஜன்னல் வழியாக வீடியோ எடுக்காதீர்கள். அறிவிப்பை மீறினால் ரீல்ஸ் பெரிய தலைவலியாக முடியும்.

விமானம் ரத்தானால் விமான நிறுவனம் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. சின்ன ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டால், ‘இதே நிறுவனத்தின் விமானம் பெரிய ஏர்போர்ட்டிலிருந்து இன்றைக்கு இருக்கிறதா, அதில் மாற்றித் தருவீர்களா?’ என்று நீங்களே கேளுங்கள்.

தங்கவயலைப் பொறுத்தவரை, ‘அடுத்த ஏர்போர்ட் எங்கே?’ என்ற அறிவிப்புகளோடு சேர்த்து இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். கே.ஆர்.புரம் - ஏர்போர்ட் மெட்ரோ எப்போது ஓடும், மாரிக்குப்பம் வண்டிகளின் நேரம் அதோடு பொருந்துமா என்பதே அது. தேவனஹள்ளி இடம் மாறப்போவதில்லை. அங்கே போகும் வழி மாறினாலே போதும், காலை விமானத்துக்காக நள்ளிரவில் எழும் வேலை குறையும்.