ஒரு டாலருக்கு ஒரு மலை

கோடை வந்தால் மலையேற்றக் கட்டுரை ஒன்று வேண்டும். குழந்தை குட்டிகளோடு ஏறக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றங்கரையில், வாஷிங்டன் மாநிலப் பக்கம் நிற்கும் பீக்கன் ராக் இதற்குக் கச்சிதம். 848 அடி உயரம். உச்சிவரை ஒன்றரை கிலோமீட்டர் நடைதான். ஐம்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். பாதை குறுகலானது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் பாறையோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். பாறை பிளந்திருக்கும் இடங்களில் மரப்பலகைப் பாலங்கள். இரும்புக் கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தால் கீழே அந்தரம், அதற்கும் கீழே சரக்கு ரயில்.

சுமார் 57,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் நடுத்தண்டு இது. பனியுகத்தின் இறுதியில் வந்த பெருவெள்ளங்கள் மேலுடம்பை அரித்துக்கொண்டு போய்விட்டன. உள்ளே இறுகிய பசால்ட் மட்டும் மிஞ்சியது.

வெள்ளத்துக்குத் தப்பியது மனிதரிடம் தப்பியதுதான் பெரிய கதை. 1915-ல் ஒரு செல்வந்தர் இதை ஒரே ஒரு டாலருக்கு வாங்கினார். மூன்று ஆண்டுகள் செலவழித்து, துளைபோட்டுக் கம்பி நட்டு, இந்தப் பாதையை அமைத்தார். ஆற்று முகத்துவாரத்தின் அலைத்தடுப்புச் சுவருக்காக இந்தப் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் யோசனையும் ஒரு காலத்தில் இருந்தது. பூங்காவாக்குங்கள் என்று அவருடைய வாரிசுகள் இலவசமாக நீட்டியபோது வாஷிங்டன் வேண்டாம் என்றது. அக்கரையில் இருக்கும் ஓரிகன் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகுதான் ரோஷம் வந்து, 1935-ல் வாங்கிக்கொண்டது.

கம்பிகள் பாறையின் அழகைக் கெடுத்தன என்பவர்கள் உண்டு. இருக்கட்டும். கெடுவதற்காவது பாறை நிற்கிறதே.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு தனி மனிதரின் பிடிவாதமும், இரண்டு மாநிலங்களின் போட்டியும் தற்செயலாக ஒன்றுசேர்ந்ததால் பிழைத்த பாறை இது. சட்டமோ திட்டமோ காப்பாற்றவில்லை. பணக்கார ரசிகர் வாய்க்காத பாறைகள் எத்தனை ஜல்லியாகி, எந்தெந்தச் சாலைக்கு அடியில் கிடக்கின்றனவோ! அவற்றுக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. கல் வேண்டாமா, துறைமுகம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் எந்தக் கல்லை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று வெடிமருந்து வருவதற்கு முன்பே யாராவது உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வார இறுதியில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. காருக்கு அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். அதன் விலை, அன்று மொத்தப் பாறைக்கும் கொடுத்த விலையைவிட அதிகம்.