கைராசி போதாது, கைக்கும் பரீட்சை வேண்டும்!

"நல்ல கைராசியான நர்சம்மா!"

பிரசவம் சுகமாக முடிந்து, தாய் வேறு பிள்ளை வேறு ஆகிவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அடுத்த வீட்டுப் பெண் கர்ப்பமானால், "அந்த நர்சம்மா டியூட்டியில் இருக்கும்போது போய்ச் சேர்" என்று யோசனையும் சொல்வார்கள். வலி என்ன, டியூட்டி பார்த்தா வரும்?

கைராசி என்பது பிறவியில் வந்த வரம் அல்ல. சரியான நேரத்தில் சரியான வேலையைச் செய்யும் பழக்கம்தான் அது. பழக்கம் என்றால் கற்றுக்கொடுக்கலாம். கற்றுக்கொடுத்தது கைக்கு வந்திருக்கிறதா என்று பரீட்சை வைத்தும் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால், எந்த நர்சு டியூட்டியில் இருந்தாலும் கவலை இல்லை.

இரண்டாவது பிரசவம் இங்கே

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவது வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் நெல்லைக்கோ விழுப்புரத்துக்கோ போய்விடுவாள். தாய் பார்த்துக்கொள்வாள்.

இரண்டாவது பிரசவத்துக்கு அப்படி முடிவதில்லை. மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். கணவருக்கு லீவு கிடையாது. ஆகவே மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கோ, தெருமுனை நர்சிங் ஹோமுக்கோதான் போகவேண்டும். சிக்கல் இல்லாத பிரசவம் என்றால் பெரும்பாலும் பிள்ளையைக் கையில் வாங்குவது நர்சுதான். டாக்டர் பிறகுதான் வருவார்.

நாடு முழுவதும் இதே நிலைதான். 1992-93-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, 100 பிரசவங்களில் 26 மட்டுமே ஆஸ்பத்திரியில் நடந்தன. 2019-21 கணக்கில் இது ஏறக்குறைய 89 ஆக உயர்ந்துவிட்டது.

ஆனாலும் தாய்மார்கள் சாவது நிற்கவில்லை. 2018-20 கணக்கின்படி, 1 லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கையில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். கேரளாவில் 19, மராட்டியத்தில் 33, தமிழ்நாட்டில் 54. உத்தரப்பிரதேசத்திலோ 167, அசாமில் 195!

ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டுவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. உள்ளே இருக்கும் கை எப்படிப்பட்ட கை என்பதும் முக்கியம்.

நிமிஷக் கணக்கு

பிள்ளை பிறந்தும் அழவில்லை என்று வைத்துக்கொள்வோம். துடைத்து, முதுகைத் தடவியும் மூச்சு வரவில்லை என்றால், 1 நிமிஷத்துக்குள் முகமூடியும் காற்றுப் பையும் வைத்து மூச்சுக் கொடுக்கத் தொடங்கவேண்டும். முகமூடி சிறிது விலகினாலும் காற்று வெளியே போய்விடும். பிள்ளையின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும்.

தாய்க்கும் நிமிஷக் கணக்குதான். பிள்ளை பிறந்த 1 நிமிஷத்துக்குள், வயிற்றில் இன்னொரு பிள்ளை இல்லை என்று தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் போடவேண்டும். கருப்பை இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் ரத்தம் கொட்டும். பிரசவ மரணங்களில் ரத்தப்போக்குதான் பெரிய எமன்.

இவற்றை எல்லாம் எந்த நர்சைக் கேட்டாலும் ஒப்பிப்பார். அந்த நேரத்தில் கை செய்யுமா என்பதுதான் கேள்வி.

பதிவு வேறு, பழக்கம் வேறு

மருத்துவச்சிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-லேயே வந்துவிட்டது. நாடு முழுவதற்குமான நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-ல் வந்தது. அதற்குப் பதிலாகத் தேசிய நர்சிங், மகப்பேறு பணி ஆணையச் சட்டம் 2023-ல் நிறைவேறியது.

படித்துத் தேறியவர்தானா என்பதைப் பதிவு காட்டும். ஆனால் 10 வருஷத்துக்கு முன் தேறியவர், 3 வருஷம் கண் வார்டில் இருந்துவிட்டு, நேற்றுத்தான் பிரசவ அறைக்கு மாற்றலாகி வந்தார் என்றால்? அதைப் பதிவு காட்டாது.

ரயில்வேயைப் பாருங்கள். என்ஜின் டிரைவர் ஒரு பாதையில் சில மாதம் வண்டி ஓட்டாமல் இருந்துவிட்டால், மறுபடி அந்தப் பாதையைப் பழகிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தனியாக ஓட்டலாம். ஸ்டேஷன் மாஸ்டருக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மறுபயிற்சி உண்டு. 30 வருஷ சர்வீஸ் என்று சொல்லித் தப்ப முடியாது. அதை யாரும் அவமானமாக நினைப்பதும் இல்லை.

ஒரு வண்டிக்கு உள்ள இந்தக் கட்டுப்பாடு, இரண்டு உயிர்கள் படுத்திருக்கும் பிரசவக் கட்டிலுக்கு வேண்டாமா?

பொம்மைக்குப் பிரசவம்

அதற்கும் முறை இருக்கிறது. ஓர் அறையில் வரிசையாக மேஜைகள். மேஜைக்கு ஒரு வேலை. ஒன்றில் ரப்பர் குழந்தை; அதற்கு மூச்சுக் கொடுத்துக் காட்டவேண்டும். இன்னொன்றில் பிரசவப் பொம்மை. பிள்ளையை வாங்கி, ஊசி போடுவதாகக் காட்டி, நஞ்சுக்கொடியை எடுக்கவேண்டும். மற்றொன்றில் ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும்.

பரீட்சை பார்ப்பவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். கை கழுவினாரா? நேரம் குறித்தாரா? கருப்பையைத் தொட்டுப் பார்த்தாரா? ஒவ்வொன்றுக்கும் மார்க். மணி அடித்ததும் அடுத்த மேஜை. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே பட்டியல். பரீட்சை பார்ப்பவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடம் குறைவு.

இன்னொரு மேஜையில் பார்ட்டோகிராப் என்ற தாள் இருக்கும். கண்ட்ரோல் ஆபீசில் வண்டி எங்கே வருகிறது என்று கோடு போடுவார்கள் அல்லவா? அதுபோல, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, பிள்ளை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டும் தாள் அது. கோடு எல்லை தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். பிள்ளை பிறந்த பிறகு உட்கார்ந்து புள்ளி வைத்தால் அந்தத் தாளால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மத்திய அரசு 2017 டிசம்பரில் 'லக்ஷ்யா' என்ற பிரசவ அறைத் திட்டத்தைத் தொடங்கியது. நர்சுகளின் கைத்திறனை இவ்வாறு சோதிப்பது அதில் ஓர் அங்கம். பழகியவர்களை அடிக்கடி வேறு வார்டுக்கு மாற்றக் கூடாது என்பதும் அதன் நோக்கம்.

ஒரு முறை பார்த்தால் போதாது

கர்நாடகத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 2010-ல் ஒரு சோதனை நடந்தது. ஒவ்வொரு பிரசவத்திலும் செய்யவேண்டிய 29 வேலைகளில், சராசரியாக 10 மட்டுமே நடந்துவந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்துப் பழக்கிய பிறகு, அது 25 ஆனது.

பிறகு உத்தரப்பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2017-ல் வெளிவந்தது. பாதி நிலையங்களில் கூடவே நின்று சொல்லிக்கொடுக்க ஆள் போட்டார்கள். 2 மாதத்தில் அங்கே 73 சதவீத வேலைகள் சரியாக நடந்தன. மற்ற இடங்களில் 42 சதவீதம்தான். சொல்லிக்கொடுப்பதை நிறுத்திய பிறகு, 12-வது மாதத்தில் 73 என்பது 62 ஆக இறங்கிவிட்டது.

அதைவிட முக்கியமானது இது: சாவுக் கணக்கில் இரண்டு பக்கமும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை!

அப்படியானால் பரீட்சை வீண் என்று அர்த்தமா? இல்லை. ஒரு முறை பார்த்துவிட்டு விட்டால் கை மறந்துவிடும் என்பது முதல் பாடம். நர்சின் கை மட்டும் திருந்தினால் போதாது என்பது இரண்டாவது பாடம். ஆக்சிடோசின் மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டும். பிரிட்ஜ் ஓடாவிட்டால் நர்சு சரியான நேரத்தில் ஊசி போட்டும் என்ன பயன்? ஆபத்தான கேஸை அனுப்ப வண்டி வேண்டும். அங்கே ரத்தம் வேண்டும். அறுவை செய்ய டாக்டர் வேண்டும்.

ஆகவே நர்சுக்கு மட்டும் மார்க் போட்டு, தோற்றவரைத் தண்டிப்பது நியாயம் அல்ல. தோற்றவருக்குப் பயிற்சி கொடுத்து மறுபடி பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து மார்க் போடவேண்டும். ஒரே நர்சை ஒரே இரவில் பல கட்டில்களுக்கு ஓடவிட்டால், எந்தக் கைத்திறனும் நிற்காது.

வலிக்குப் பாஷை

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. "தலை கிறுகிறுக்குது, கண்ணு மங்குது" என்று அவள் தமிழில் சொல்வாள். நர்சுக்கு மராத்தியும் இந்தியும்தான் தெரியும். "சும்மா கத்தாதே" என்று அதட்டிவிட்டுப் போனால், சிறிது நேரத்தில் வலிப்பு வந்துவிடலாம்.

பழகிய நர்சு பாஷை புரியாவிட்டாலும் ரத்த அழுத்தம் பார்ப்பார். அந்தக் கருவிக்குப் பாஷை கிடையாது. தேவை என்று கண்டால் மக்னீசியம் சல்பேட் ஊசி முதல் டோஸ் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். நோயாளியிடம் பொறுமையாக நடந்துகொள்வதும் கைத்திறனில் சேர்ந்ததுதான். பரீட்சையில் அதற்கும் மார்க் உண்டு.

கேட்கத் தயங்காதீர்கள்

நர்சுக்குக் குடும்பத்தார் பரீட்சை வைக்க முடியாது. ஆனால் முன்கூட்டியே சில கேள்விகள் கேட்கலாம். இரவில் பிரசவம் பார்ப்பது யார்? அவர் பதிவு பெற்ற நர்சுதானா? (வெள்ளைப் புடவை கட்டியவர் எல்லோரும் நர்சு ஆகிவிட மாட்டார்கள்!) பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கும் பையும் முகமூடியும் பிரசவ அறையிலேயே இருக்கிறதா? ஆபத்து என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்?

அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிக்குத் துணையாக ஒரு பெண்ணைப் பிரசவ அறைக்குள் விடலாம் என்று மத்திய அரசு 2016-ல் அனுமதி கொடுத்திருக்கிறது. இந்தியோ மராத்தியோ பேசத் தெரிந்த, பிள்ளை பெற்ற அனுபவமுள்ள ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்புவது நல்லது.

பிள்ளை பிறந்ததும் தாயைப் போர்வை போர்த்தி ஒதுக்கிவிட்டு, எல்லோரும் பிள்ளையைப் பார்க்க ஓடுவது வழக்கம். முதல் 2 மணி நேரம், கால் மணிக்கு ஒரு தடவை தாயின் ரத்தப்போக்கையும் நாடியையும் நர்சு வந்து பார்க்கவேண்டும். யாரும் வரவில்லை என்றால் போய்க் கூப்பிட வேண்டும். அதற்கு வெட்கப்பட வேண்டியது இல்லை.