குடிப்பவர் ஒருவர், வேலையில் தடுமாறுபவர் இன்னொருவர்

மதுப்பழக்கம் என்றவுடன் குடிப்பவரின் ஈரலைப் பற்றியும் அவருடைய வேலை பறிபோவதைப் பற்றியுமே பேசுகிறோம். அதே வீட்டிலிருந்து மறுநாள் காலை வேலைக்குப் போகும் மனைவியையோ மகனையோ தாயையோ யாரும் விசாரிப்பதில்லை. ஒரு துளி மதுவும் தொடாத இவர்களும் அந்தக் குடியின் பாதிப்பைச் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள் வைத்தியரிடம் "வீட்டில் குடிப் பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிவு, நித்திரையின்மை என்றுதான் வருவார்கள். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. "வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று கேட்ட பிறகே கண் கலங்கும்.

வேலையில் நடப்பது என்ன?

இரவில் அவர் எத்தனை மணிக்கு வருவார், எந்த நிலையில் வருவார் என்று காத்திருப்பவருக்கு ஆழ்ந்த நித்திரை கிடைப்பதில்லை. உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தபடியே இருக்கும். நித்திரை குறைந்தால் கவனம், ஞாபகம், பொறுமை மூன்றும் குறையும். கடையில் மிச்சக் காசு கொடுப்பதில் பிழை வரும். முதியோர் இல்லத்தில் மருந்து கொடுக்கும்போது தடுமாற்றம் வரும். வாகனம் ஓட்டுபவருக்குக் கண் சொருகும். கைத்தொலைபேசி அடித்தாலே நெஞ்சு திக்கென்னும். பிந்தி வருவதும் திடீர் விடுப்பும் கூடும். முகாமையாளரின் கண்ணுக்கு இவையெல்லாம் அசட்டையாகவே தெரியும்.

நம்மவர்கள் பலர் ஒரே இடத்தில் வேலை செய்வதால், விஷயம் வெளியில் தெரிந்துவிடும் என்ற பயம் வேறு. குடிப்பவருக்காக அவருடைய வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்து "காய்ச்சல்" என்று சொல்லும் பொறுப்பும் பெரும்பாலும் மனைவியின் தலையில்தான். அன்பினால் செய்வதுதான். ஆனால் குடியின் விளைவை அவர் உணரும் நாளை அது தள்ளிப்போடுகிறது.

என்ன செய்யலாம்?

1. உங்களுக்காக வைத்தியரைப் பாருங்கள். குடிப்பவர் வர மறுத்தாலும் நீங்கள் வரலாம். பெரிய ஆபத்து ஏதும் இல்லாதவரை நீங்கள் சொல்வது இரகசியமாகவே இருக்கும். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். உறவினரை அழைத்துவர வேண்டியதில்லை.

2. முகாமையாளரிடம் முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை. "வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை, எனக்கு நித்திரை குறைவு" என்பதே போதும். இங்கிலாந்தில் வாழ்க்கைத்துணை, பிள்ளை, பெற்றோருக்குத் திடீரெனச் சுகமில்லாமல் போனால் நியாயமான அளவு நேரம் விடுப்பு எடுக்க ஊழியருக்குச் சட்ட உரிமை உண்டு. சம்பளம் கிடைக்காமல் போகலாம். வேலை நேரத்தை மாற்றித் தரும்படி முதல் நாளிலிருந்தே விண்ணப்பிக்கும் உரிமையும் 2024 ஏப்ரல் 6 முதல் உண்டு.

3. நீங்களே நோயுற்று 7 நாட்களுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால் வைத்தியச் சான்றிதழ் தேவை. குறைந்த நேர வேலையையோ இலகுவான வேலையையோ அதில் பரிந்துரைக்கலாம். கணவரின் குடியைப் பற்றி அதில் எழுத வேண்டியதில்லை.

4. குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்று 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனன் அமைப்பின் கூட்டங்கள் இங்கும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்லவும் தேவையில்லை.

5. கோபத்தில் போத்தலைக் கவிழ்த்து ஊற்றிவிடாதீர்கள். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்திய மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வலிப்பு வந்தாலும், உங்கள்மீது கை ஓங்கினாலும் 999ஐ அழையுங்கள்.

கடை, தொழிற்கூடம் நடத்தும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாக வேலை செய்த ஒருவர் திடீரென்று தடுமாறினால், எச்சரிக்கைக் கடிதம் எழுதுமுன் அவரைத் தனியாக அழைத்து "வீட்டில் ஏதும் கஷ்டமா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல வற்புறுத்தாதீர்கள். இரண்டு மாதத்துக்கு வேலை நேரத்தைச் சற்று மாற்றிக் கொடுத்தால் ஒரு நல்ல ஊழியரை இழக்காமல் இருக்கலாம்.

குடியை விடுவது குடிப்பவரின் கையில் இருக்கிறது. உங்கள் நித்திரையும் உங்கள் வேலையும் உங்கள் உடல்நலமும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.