காய்ச்சல் போனது, வலி போகவில்லை

தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் மழை பிடித்துவிட்டால் பிளாஸ்டிக் டிரம், பழைய டயர், கொட்டாங்கச்சி என்று எதிலும் தண்ணீர் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். 2006-ல் இந்தத் தீவுகளில் சிக்குன்குன்யா பரவியது அந்தக் கொசுவால்தான். அந்த ஆண்டு நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. காய்ச்சல் சில நாட்களில் இறங்கியது. ஆனால் மூட்டு வலி பலரை மாதக்கணக்கில் வாட்டியது. ஏன்?

காரணத்தில் பாதிதான் வைரஸ். மீதி நமது உடம்பு.

வைரஸ் புகுந்த செல், அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்க ஒரு புரதத்தை வெளியிடுகிறது. இதுதான் இன்டர்ஃபெரான். 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மன்னும் இதைக் கண்டறிந்தார்கள். வளர்ந்த எலியை சிக்குன்குன்யா பெரிதாக வீழ்த்துவதில்லை. ஆனால் இன்டர்ஃபெரானின் சமிக்ஞையை ஏற்க முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகள் மடிந்துபோகின்றன. முதல் நாட்களில் இந்த எச்சரிக்கைதான் உயிர்க்கவசம்.

சிக்கல் பின்னால் வருகிறது. இன்டர்லூகின்-6 போன்ற வேறு சமிக்ஞைப் புரதங்கள் காய்ச்சலை மூட்டி, அழற்சியைக் கிளப்புகின்றன. வேலை முடிந்ததும் இவை அடங்க வேண்டும். வலி நீடித்த நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 அதிகமாகவே இருந்ததை சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கண்டார்கள். திருடன் போன பிறகும் காவலர்கள் வீட்டுக்குள் தடியைச் சுழற்றும் கதைதான்.

அப்படியானால் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டை உடனே விழுங்கலாமா? கூடாது. 2020-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், செயற்கை சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணங்களை டெக்ஸாமெதசோன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பலன் கிடைக்கவில்லை. மருந்து ஒன்றுதான், வேளைதான் வேறு. தொடக்கத்திலேயே காவலர்களைக் கட்டிப்போட்டால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டெங்குவைப் பரப்புவதும் இதே கொசுதான். முதல் சில நாட்களில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். டெங்குவாக இருந்து, ஆஸ்பிரினோ டைக்ளோஃபினாக்கோ சாப்பிட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். எனவே பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், ஓய்வு, ரத்தப் பரிசோதனை. மற்றதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

எதிர்ப்புச் சக்தியை 'ஏற்றுவதாக' விளம்பரங்கள் முழங்குகின்றன. உடம்புக்குத் தேவை ஏற்றம் அல்ல, நிதானம். அதுவரை செலவில்லாத தற்காப்பு ஒன்று இருக்கிறது: வாசலில் இருக்கும் டிரம்மை மூடி வைப்பது.