பாய்த்தோணியின் சாய்வும் பாரத்தின் இடமும்

சப்பிரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களிலே பால்வெட்டு முடித்த தொழிலாளி ஒருவர், நிறைந்த வாளியை வலக்கையில் ஏந்திச் சரிவுப் பாதையில் இறங்கி வருவதை நாம் கண்டிருக்கிறோம். வாளி வலப்புறம் இழுக்க, அவர் உடல் இடப்புறம் சாய்கின்றது. வெறுங்கையாகிய இடக்கை தானாகவே விலகி நீள்கின்றது. கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றால் முதுகில் தாங்கும் பெண் முன்னோக்கிக் குனிந்து நடப்பதும் இத்தகையதே. ஒரு பாரம் ஒருபுறம் இழுக்குமிடத்து, அதற்கு மாறான புறத்திலே நிறையை வைத்து உடலை நிலைநிறுத்துகின்றோம். கடலிலே காற்றோடு போராடும் பாய்த்தோணியைக் கவிழாது காப்பதும் இந்நியதியே. அஃது அங்கே எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலைநாட்டிலே வாழ்வார்க்குத் தோணியின் இயல்பை அறிவதாற் பயன் யாதெனச் சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு இறுதியில் விடை கூறுவாம்.

முதற்கண், தோணி சாய்வது ஏன் என்பதை நோக்குவாம். காற்று பக்கத்திலிருந்து வீசும்பொழுது அது பாயைத் தள்ளுகின்றது. பாயோ நீர்மட்டத்திற்கு மேலே உயர்ந்து நிற்பது. தோணியின் அடிப்பாகம் நீருக்குள் அமிழ்ந்திருப்பதால், பக்கவாட்டில் நகரவொட்டாது நீர் அதனைத் தடுக்கின்றது. மேலே ஒரு விசையும் கீழே அதற்கு எதிரான மற்றொரு விசையும் தாக்க, தோணி காற்றுச் செல்லும் பக்கமாகத் திரும்பிச் சாய்கின்றது. இத்திருப்பத்தின் அளவு விசையை மாத்திரம் பொறுத்ததன்று. விசைகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் பொறுத்தது. ஆதலால் உயரமான பாய் மெல்லிய காற்றிலும் தோணியைச் சாய்க்கவல்லது.

சாய்ந்த தோணி மீள நிமிர்வதற்கும் காரணம் உண்டு. நீரில் மிதக்கும் பொருளை நீர் மேல்நோக்கி உதைக்கின்றது என்றும், அம்மேலுதைப்பு அப்பொருள் விலக்கிய நீரின் நிறைக்குச் சமமென்றும் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆக்கிமிடீசு நிறுவினார். தோணி நிமிர்ந்து நிற்கையில் அதன் புவியீர்ப்பு மையமும் மேலுதைப்பின் மையமும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைகின்றன. தோணி ஒருபுறம் சாய்ந்தால், அப்புறத்திலே அதிக பாகம் நீரில் அமிழ, மேலுதைப்பின் மையமும் அப்புறமாக நகர்கின்றது. புவியீர்ப்பு மையம் போதிய அளவு தாழ்ந்திருப்பின், கீழ்நோக்கிய நிறையும் மேல்நோக்கிய உதைப்பும் சேர்ந்து தோணியை நிமிர்த்தும். அது மிக உயர்ந்திருப்பின், அவ்விரண்டுமே சேர்ந்து தோணியைக் கவிழ்த்துவிடும். எனவே சாய்வைத் திருத்த விரும்புவோனுக்குப் பாரத்தைப் பயன்படுத்தும் வழிகள் இரண்டு உள. ஒன்று, பாரத்தைத் தாழ வைத்தல். மற்றொன்று, பாரத்தைக் காற்று வரும் பக்கமாகப் புறத்தே கொண்டுசெல்லல்.

முதல் வழியைக் கைவிட்டதால் விளைந்த கேட்டிற்குச் சுவீடன் நாட்டின் 'வாசா' என்னும் போர்க்கப்பல் சான்றாகும். 64 பீரங்கிகளைத் தாங்கிய அக்கப்பல், அடியிற் கற்பாரம் இருந்தும், மேற்பாகம் மிகக் கனத்ததாய் அமைந்துவிட்டது. புறப்படுமுன் 30 மாலுமிகளை மேற்றளத்தில் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு ஓடவிட்டுச் சோதித்தனர். மூன்றாம் முறை ஓடியதும் கப்பல் கவிழ்ந்துவிடுமோ என அஞ்சிச் சோதனையை நிறுத்தினர். ஆயினும் பயணத்தை நிறுத்தினாரல்லர். 1628ஆம் ஆண்டு ஆகத்து 10ஆம் திகதி, துறைமுகத்தை விட்டு ஏறத்தாழ 1,300 மீற்றர் சென்றதும், ஒரு காற்று வீச்சிற் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாயில்களின் வழியே நீர் புகுந்து அது மூழ்கிற்று. 1961இலேயே அதனை மேலே கொணர்ந்தனர். கப்பலின் பெருமையும் மரத்தின் வலிமையும் பாரத்தின் பிழையான இடத்திற்கு ஈடாகமாட்டா என்பதை இதனால் அறிக.

இரண்டாம் வழிக்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. சிவனொளிபாத மலைச் சாரலில் ஊற்றெடுத்து இரத்தினபுரியைக் கடந்து செல்லும் களுகங்கை, களுத்துறையிற் கடலோடு கலக்கின்றது. சென்ற நூற்றாண்டுகளில் இரத்தினபுரிக்கும் களுத்துறைக்குமிடையே பண்டங்களை ஏற்றிய படகுகள் அவ்வாற்றிற் சென்றுவந்தன. அவ்வாற்றின் முகத்துவாரத்தை அடுத்த தென்மேற்குக் கரையிலே, சிங்கள மீனவர் 'ஒருவ' என வழங்கும் தோணி நெடுங்காலம் பாய்விரித்து ஓடிற்று. இன்று பொறிப்படகுகள் பெரும்பாலும் அதன் இடத்தைப் பெற்றுவிட்டன. எனினும் நீர்கொழும்புப் பகுதியிற் பாய்விரித்த ஒருவ இன்னுங் காணப்படுகின்றது.

ஒருவ குடைந்த மரத்தின்மேற் பலகைகளைக் கயிற்றாற் றைத்து அமைக்கப்படுவது. உடல் மிக ஒடுங்கியதாதலின் தனித்து நில்லாது. ஆகவே வளைந்த இரு கழிகளால், சற்றுத் தூரத்தில் ஒரு மிதவைக்கட்டையை அதனோடு பிணைத்திருப்பர். அம்மிதவை எப்பொழுதும் காற்று வரும் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். திசை மாற வேண்டின் தோணியைத் திருப்பார். பாயை மறுமுனைக்கு மாற்றி, பின்னணியத்தையே முன்னணியமாகக் கொள்வர். இலங்கைக் கப்பல்கள் இருபுறமும் முன்னணியம் உடையன என்று கி.பி. முதலாம் நூற்றாண்டினராகிய உரோம அறிஞர் பிளினி எழுதியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

காற்று வலுத்து மிதவை நீரைவிட்டு எழத் தொடங்கின், ஒரு மீனவர் கழியின்மேல் ஏறி மிதவையை நோக்கிச் செல்வார். மேலும் வலுப்பின் இன்னொருவர் செல்வார். அதனாலேயே காற்றின் வேகத்தை 'ஒராள் காற்று', 'ஈராள் காற்று', 'மூவாள் காற்று' என ஆள்கணக்கில் அளந்தனர் என்பர். இதனைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். பாயின்மேற் காற்றுத் தாக்கும் விசை 30 கிலோகிராம் நிறைக்குச் சமம் என்றும், அது நீரின் தடை தாக்குமிடத்திற்கு மேலே 4 மீற்றர் உயரத்தில் தாக்குகின்றது என்றும் கொள்வோம். இரண்டையும் பெருக்க 120 வரும். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் தோணியின் நடுக்கோட்டிலிருந்து 2 மீற்றர் வெளியே செல்வாராயின், அவர் தரும் எதிர்த்திருப்பமும் 120 ஆகும், சாய்வு நீங்கும். அவரே 4 மீற்றர் தூரஞ் சென்றால் இருவர் பயனைத் தருவார்.

இவ்விடத்தில் ஓருண்மையை மறத்தலாகாது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. வேகம் ஐந்தில் இரண்டு பங்கு கூடினாலே விசை ஏறத்தாழ இருமடங்காகி இரண்டாம் ஆள் வேண்டப்படுவார். வேகம் இருமடங்காயின் இருவர் போதார், நால்வர் வேண்டும். ஆட்களோ சிலரே. ஆகவே ஓர் எல்லைக்குமேற் பாயைச் சுருக்குவதே அறிவுடைமை. அன்றியும், காற்றுத் திடீரெனத் தணியின் வெளியே சென்றவர் உடனே உள்ளே மீளல் வேண்டும். இல்லையேல் அவர் நிறையே தோணியை மறுபுறம் சாய்க்கும். ஒருவவின் மிதவை அப்பொழுதும் உதவும். அது மேலே எழுந்தாற் பாரமாய் நின்று கீழே இழுக்கும். கீழே அமிழ்ந்தால் மிதப்பாய் நின்று மேலே தாங்கும்.

பாக்குநீரிணையின் வடகரையிலுள்ள தமிழ் மீனவரும் இவ்வுபாயத்தை வேறுவகையிற் கையாண்டனர். அவர்தம் வத்தைகளிலே நீண்ட பலகையொன்றைக் குறுக்கே வைத்து, காற்று வரும் பக்கமாக நீளும் அதன் முனையில் ஆட்கள் சென்று அமர்வர். மிதவை இல்லை; மனிதரின் நிறை ஒன்றே தோணியைத் தாங்கும். இதனை யேம்சு கோர்ணெல் என்னும் ஆய்வாளர் 1920இல் வெளியிட்ட இந்தியத் தோணிகள் பற்றிய நூலில் விவரித்துள்ளார்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு வருவாம். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் களுகங்கை பெருகி இரத்தினபுரிப் பகுதியை வெள்ளக்காடாக்கியதை எவரும் மறந்திலர். கேகாலை மாவட்டத்திலே எட்டியாந்தோட்டை வழியே செல்லும் களனிகங்கையும் மாரியிற் பெருகுவதே. அத்தகைய நாளில், வாழ்நாளிற் படகேறாத ஒருவர் திடீரெனப் படகேற நேரிடும். அப்படகிற் பாயில்லை; ஆயினும் நியதி அதுவே. ஏறுவோர் ஒவ்வொருவராய் ஏறி, இருபுறமும் நிறை சமனாகுமாறு, இயன்றவரை தாழ்ந்து அமர்தல் வேண்டும். எழுந்து நிற்பவர் புவியீர்ப்பு மையத்தை உயர்த்துகின்றார். நீரிலுள்ள ஒருவரைத் தூக்குதற்கு எல்லாரும் ஒருபக்கம் விரைந்தால், காக்க வந்த படகே கவிழும். ஒருவர் கைகொடுக்க, ஏனையோர் எதிர்ப்பக்கம் நகர்ந்து அமர்தல் வேண்டும். படகினுள் தேங்கும் நீரும் சாயும் பக்கமே ஓடிச் சாய்வைப் பெருக்குமாதலின், அதனை உடனுக்குடன் இறைத்தல் இன்றியமையாதது.

கழியின்மேல் நடந்துசென்ற மீனவருக்கு இக்கணக்கு எழுத்தில் வேண்டியதில்லை. பழக்கமே அவருக்கு நூலாயிற்று. அப்பழக்கம் இல்லாத நமக்கு அறிவே துணை. வாளி ஏந்திய கைக்கு எதிராக மற்றக் கை நீள்வதை நாடோறும் காணும் நாம், அந்நியதியை நீரின்மேலும் நினைவிற் கொள்வோமாக.