பிங்க் புளொயிட்டின் இசைத்தட்டுகள்: எங்கிருந்து தொடங்குவது?

மேனாட்டு றொக் இசையின் பெருங் குழுக்களை முதன்முறையாக அணுகும் சுவைஞர் எதிர்நோக்கும் இடர்ப்பாடொன்று உண்டு. ஆக்கங்கள் மிகப் பல. அவற்றுள் எதனை முதலிற் கேட்பது? 1965 இல் இலண்டனில் உருவாகிய பிங்க் புளொயிட் குழு 1967 முதல் 2014 வரை 15 இசைத்தொகுதிகளை வெளியிட்டது. மேடை நிகழ்ச்சிப் பதிவுகளும் பிற்காலத் திரட்டுகளும் இக்கணக்கிற் சேரா.

இவ்வினாவுக்கு இரு விடைகள் வழக்கிலுள்ளன. காலவரிசையிற் கேட்க வேண்டுமென்பது ஒன்று. பெரும் விற்பனை கண்ட 'த டார்க் சைட் ஒவ் த மூன்' (1973) தொகுதியிலிருந்து தொடங்க வேண்டுமென்பது மற்றையது. இரண்டும் எமக்கு உடன்பாடானவையல்ல. முதற்றொகுதியின் பாடல்களிற் பெரும்பாலானவற்றை இயற்றியவர் சிட் பரெற். உளநலங் குன்றிய நிலையில் 1968 இல் அவர் குழுவை நீங்கினார். அடுத்த சில ஆண்டுகள் எஞ்சியோர் தமக்கென ஓர் இசைமொழியைத் தேடித் தடுமாறிய காலம். காலவரிசையிற் செல்பவர் இங்கேயே சலிப்புற்று நின்றுவிடுதல் கூடும். 1973 இல் தொடங்குபவரோ தேடலை அறியாது அதன் பேற்றினை மாத்திரம் பெறுகின்றார்.

1975 இல் வெளிவந்த 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுதியே தக்க தொடக்கம் என்பது எமது கருத்து. ஐந்தே ஆக்கங்கள், ஏறத்தாழ 44 நிமிடங்கள். முந்திய தொகுதியின் பெருவெற்றி குழுவினரைச் செல்வந்தராக்கியது. அதேவேளை தமது உழைப்பின் விளைபொருளிலிருந்தே அவர்களை அந்நியமாக்கியது. அந்த அந்நியமாதலே இத்தொகுதியின் பொருள். நடுவிலுள்ள இரு பாடல்கள் இசையைப் பண்டமாகவும் கலைஞனை இயந்திரத்தின் உறுப்பாகவும் மாற்றும் தொழிற்றுறையை நேரடியாகச் சாடுகின்றன. அவற்றுள் 'ஹாவ் எ சிகார்' பாடலைப் பாடியவர் குழுவைச் சாராத றோய் ஹாப்பர் என்பதும் கவனித்தற்குரியது. இச்சாடலையும் அதே தொழிற்றுறை அச்சிட்டு விற்று இலாபமீட்டியது. இம்முரண்பாட்டைக் குழுவினர் அறியாதவரல்லர். ஆயின் அதனைத் தீர்க்கும் வழி அவர்களிடம் இருக்கவில்லை.

தொகுதியின் முதலிலும் முடிவிலுமாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ள 'ஷைன் ஒன் யூ கிறேசி டயமன்ட்' என்னும் நீண்ட ஆக்கம் பரெற்றை நினைந்து எழுந்தது. டேவிட் கில்மோரின் கிற்றாரில் எழும் நான்கே சுரங்கள் அதற்கு வித்தாயின. 1975 யூன் மாதம் ஒலிப்பதிவுக்கூடத்திற்கு எதிர்பாராது வந்த பரெற்றை நண்பர்கள் முதலில் அடையாளங் காணவில்லை. இத்தொகுதியை வரிசை பிறழாது ஒரே அமர்விற் கேட்டல் வேண்டும். பாடல்களைத் தனித்தனியே தெரிந்து கேட்கும் இன்றைய பழக்கம் இதனைச் சிதைத்துவிடும்.

இங்கிருந்து பின்னோக்கிச் செல்லலாம். 'மெடில்' (1971) தொகுதியின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைக்கும் 'எக்கோஸ்' ஏறத்தாழ 23 நிமிடங்கள் நீள்வது. நால்வரும் ஒருவரையொருவர் செவிமடுத்து ஆக்கிய கூட்டுப் படைப்பு அது. அதன்பின் 1973 ஆம் ஆண்டுத் தொகுதியைக் கேட்பவருக்கு அதன் செறிவு எங்கிருந்து வந்தது என்பது புலனாகும்.

முன்னோக்கிச் செல்பவர் கேட்க வேண்டியது 'அனிமல்ஸ்' (1977). ஜோர்ஜ் ஓர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' சோவியத் ஆட்சியை நோக்கி எய்த உருவகத்தை றோஜர் வோட்டர்ஸ் முதலாளித்துவ சமூகத்தின் மீது திருப்பினார். நாய்கள், பன்றிகள், ஆடுகள் என மனிதர் மூவகைப்படுகின்றனர். மக்களை மந்தையெனக் காணும் பார்வை எமக்கு ஏற்புடையதன்று. எனினும் இறுதியிற் கிளர்ந்தெழுவோர் அந்த ஆடுகளே. விமர்சகர் பலர் இதற்கு உரிய இடத்தை அளிக்கவில்லை என்றே எண்ணுகின்றோம்.

'த வோல்' (1979) புகழ்மிக்கது. ஆயினும் தொடக்கமாகக் கொள்ளத் தக்கதன்று. அது பெரும்பாலும் வோட்டர்ஸ் ஒருவரின் அகவரலாறு. அதிலுள்ள பள்ளிக்கூடப் பாடலை 1980 இல் தென்னாபிரிக்காவின் கறுப்பின மாணவர்கள் தமது பகிஷ்கரிப்பின் குரலாக்கினர். நிறவெறி அரசு அதனைத் தடைசெய்தது. ஆக்கியோன் கருதாத வாழ்வைப் பாடலொன்று பெறுதற்கு இதனிலும் சிறந்த சான்று அரிது. ஆனால் அதே தொகுதியின் உருவாக்கத்தின்போதே இசைப்பலகைக் கலைஞர் றிச்சர்ட் றைற் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் மேடைகளில் ஊதியம் பெறும் வாத்தியக்காரராக வாசித்தார். சுரண்டலைச் சாடிய குழுவினுள்ளே நிகழ்ந்தது இது. 'த பைனல் கட்' (1983) முற்றிலும் வோட்டர்ஸின் ஆக்கமே. 1985 இல் அவர் விலகியபின் கில்மோரின் தலைமையில் வெளிவந்த மூன்று தொகுதிகளை அவகாசமுள்ளோர் கேட்கலாம்.

'த பைப்பர் அற் த கேற்ஸ் ஒவ் டோன்' (1967) என்னும் முதற்றொகுதியை இறுதிக்கு ஒதுக்குக. 1975 இன் இரங்கலைக் கேட்டவர், எவரை நினைந்து அது பாடப்பட்டதோ அந்த இளைஞரின் விளையாட்டும் வியப்பும் நிறைந்த குரலை அங்கே முதன்முறையாகக் கேட்பர்.