ரயிலுக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச்

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் நிற்பவர்கள் வண்டி வருகிறதா என்று பார்ப்பார்களேயன்றி, அது எதனால் ஓடுகிறது என்று யோசிப்பதில்லை. நாமும் அப்படித்தான் இருந்தோம். பெரம்பூர் தொழிற்சாலையில் உருவான குளிர்சாதன மின்சார ரயில், 2025 ஏப்ரலில் கடற்கரைக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய பிறகுதான் அதன் சூட்சுமத்தை விசாரிக்கலானோம்.

கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்சார ரயில் வந்தது 1931-ல். அந்நாளைய வண்டி மெள்ளக் கிளம்புவதற்காக, மின்சாரத்தில் ஒரு பகுதியைத் தடைக்கம்பிகளில் செலுத்தி வீணே உஷ்ணமாக்கினார்கள். மாட்டை விரட்டிக்கொண்டே சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது போன்ற காரியம்!

இன்றைய வண்டியில் அந்த விரயம் இல்லை. மேலே கம்பியில் வருவது 25,000 வோல்ட். அதை டிரான்ஸ்பார்மர் தணித்துக் கொடுக்கிறது. பிறகு ‘ஐ.ஜி.பி.டி.’ என்னும் ஸிலிக்கன் ஸ்விட்சுகள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடி, அந்தந்த க்ஷணத்தில் மோட்டாருக்கு வேண்டிய அளவாக மின்சாரத்தை நறுக்கித் தருகின்றன. சுமார் 15 வோல்ட் சமிக்ஞை ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஆளுகிறது. யானைக்கு அங்குசம் போல. இத்தகைய ஸிலிக்கன் சில்லுகள் பலவற்றை ஒரே பெட்டியில் இணைத்து, சூட்டை வெளியேற்ற அடியில் உலோகத் தட்டு பொருத்தியதே ‘மாட்யூல்’. பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தருகிறது!

ஆலைகளில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும், சூரிய ஒளி மின்சாரத்தை வீட்டுக்கு உகந்ததாக்குவதும், மின்சாரக் காரை ஓட்டுவதும் இதே ஸ்விட்ச்தான்.

இதை உருவாக்கிய பெருமை யாருக்கு? வண்டி தாம்பரம் தாண்டிக் கிண்டியை அடையும்போது நினைத்துக்கொள்ளுங்கள். 1948-ல் சென்னையில் பிறந்து, கிண்டிக்கு அருகிலுள்ள ஐ.ஐ.டி.யில் 1969-ல் பட்டம் பெற்ற ஜயந்த் பாலிகா, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் 1980-ஐ ஒட்டி இதனை உருவாக்கினார். 2024-ல் பின்லாந்து தேசம் பத்து லட்சம் யூரோ கொண்ட மில்லினியம் தொழில்நுட்பப் பரிசை அவருக்கு அளித்தது.

சந்தோஷம்தான். ஆனால், ரயில் பெட்டியை நாமே செய்கிறோம்; அதற்குள்ளிருக்கும் மாட்யூலோ பெரும்பாலும் ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து வரவேண்டியிருக்கிறது. ஸிலிக்கன் சில்லுத் தொழிலுக்குத் தூசியற்ற கூடங்களும், ஏராளமான முதலும், பல வருஷப் பொறுமையும் தேவை. நம் மாணவர்களிடம் புத்திக்குக் குறைவில்லை என்பதைப் பாலிகா காட்டிவிட்டார். அந்தப் புத்தி இங்கேயே வேலை செய்ய இடம் அமைத்துக் கொடுப்பது பெரியவர்களாகிய நமது கடமையல்லவா?